தேனீ என்ன சாப்பிட்டது

எங்கள் கரையில் ஒருவரை ஒருவர் கண்டால் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது வழக்கம். அது கேள்வியே இல்லை. பதிலுக்காக யாரும் நிற்பதும் இல்லை. "ஓம், ஓம்" என்றபடி சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்கள். மிஸ் மட்டும் "என்ன சாப்பிட்டீங்கள்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நிற்பார். மீன் என்றால் என்ன மீன், எந்தப் பக்கத்துக் கடல் என்பார். கீரை என்றால் யாருடைய வீட்டு வளவுக் கீரை என்பார். சிலாவத்துறையில் அவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. முதல் மாதம் நானும் அந்தக் கட்சிதான்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர் என்பதால் ஊரே அவரை மிஸ் என்றது. எங்கள் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார். நான் வீட்டிலிருந்தபடி இடியப்பம் அவித்து விற்கிறவள். ஆகவே காலைச் சாப்பாடும் என்னிடம்தான். வயதில் என்னைவிடப் பத்துப் பதினைந்து குறைவு. அக்கா, அண்ணன் என்கிற இடத்தில் எங்கள் வழக்கப்படி என்னை ராத்தா என்றும் என் கணவரை நானா என்றும் கூப்பிடுவார்.

நோன்பு காலத்தில் ஒருநாள் நல்ல வெயில் நேரம் பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் எங்கள் படலையைக் கடந்து போனார். மிஸ் பூச்சி வலையும் கையுமாக எதிரே வந்தார்.

"ஹாஜியார், என்ன சாப்பிட்டீங்கள்?"

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ஹாஜியார் மெதுவாக, "நோன்பு மகள்" என்றார். வேறு யாராவது என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவரும் மன்னிப்புக் கேட்டார். ஆனால் ஓடவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்ப விடிய முதல் சஹருக்கு?" என்றார்.

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் தொப்பி சரிந்தது. "பழஞ்சோறும் தயிரும்" என்றார்.

"வீட்டுத் தயிரோ, கடைத் தயிரோ?"

அதற்குப் பிறகு ஹாஜியார் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. வீதியால் போகும்போதே, "மகள், இண்டைக்கு முருங்கையிலைக் கஞ்சி!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்.

மனிதர்களிடம் இப்படிக் கேட்டது பழக்கதோசம். அவருடைய வேலையே தேனீக்களிடம் அதைக் கேட்பதுதான். நாங்கள் தேனீ என்றால் தேன் எடுக்கிற கூட்டத்தைத்தான் நினைப்போம். அவர் தேடியது அதை அல்ல. காய்ந்த தடியைத் துளைத்துத் தனியே குடியிருப்பவை, மண்சுவர் வெடிப்பில் ஒளிந்திருப்பவை, மணலுக்குள் வளை தோண்டுபவை. எறும்பை விடக் கொஞ்சம் பெரிதாக, கறுத்து மினுங்குகிற ஒரு வகை இருந்தது. அதுவரை நான் அதை ஏதோ ஈ என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதைப் பிடிச்சு என்ன செய்யப் போறீங்க மிஸ்?"

"வயித்தைப் பார்க்கப் போறன் ராத்தா."

"அப்ப கொல்லுவீங்களா?"

"ஓம்" என்றார். சாக்குப்போக்கு ஒன்றும் சொல்லவில்லை. "கனக்கப் பிடிக்க மாட்டன். தேவையான அளவுதான்."

"அந்த வயித்துக்குள்ள அப்படி என்ன இருக்கு?"

அவர் இடியப்பத்தைச் சம்பலில் தொட்டபடி என்னைத் திருப்பிக் கேட்டார். "நீங்கள் தயிருக்கு உறை எங்கையிருந்து எடுக்கிறனீங்கள்?"

"என்ட பழைய தயிருலதான். முதல்ல பக்கத்து வீட்டு ராத்தாட்ட வாங்கினது."

"உங்கட தயிரும் முருங்கன் ஊர்த் தயிரும் ஒரே ருசியோ?"

"அது எப்படி ஒண்டாகும்?"

"அதைத்தான் பார்க்கிறன்."

பிறகு விளக்கினார். தேனீ வயிற்றுக்குள்ளும் தயிருக்குள் இருப்பது போல நுண்ணுயிர்கள் இருக்கின்றனவாம். சாப்பாடு செரிக்கவும், நோய் அண்டாமல் பார்க்கவும் அவை வேண்டுமாம். கூட்டமாக வாழும் தேனீ ஒன்றுக்கு ஒன்று உறை கொடுப்பது போலக் கொடுத்துக்கொள்ளும். தனியே வாழ்கிறவற்றுக்குக் கொடுக்க ஆள் இல்லை. பெரும்பாலும் உட்கார்ந்த பூவில் இருந்தும், குடியிருக்கும் தடியில் இருந்தும், மண்ணில் இருந்தும்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே கீரி என்ற ஊர்க் கடற்கரைத் தேனீயின் வயிறு ஒரு மாதிரி, மடுக் காட்டுத் தேனீயின் வயிறு வேறு மாதிரி. இடம் மாறினால் உள்ளே இருப்பதும் மாறும். புதர்ப் பற்றைகளை வெட்டி வெட்டவெளியாக்கிய எங்கள் ஊரில் தேனீக்களின் வயிறு என்ன பாடு படுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் அவற்றைக் கிருமி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "கிருமி எண்டு திட்டாதேங்கோ ராத்தா, அதுகள் பாவங்கள்" என்பார்.

நுண்ணுயிருக்கு இவ்வளவு பரிந்து பேசியவர் தன் கைகளைப் படுத்திய பாடு சொல்லமுடியாது. ஒரு தேனீயைத் தொடுவதற்கு முன் ஸ்பிரிட், தொட்ட பின் ஸ்பிரிட். அவர் கையில் இருப்பது தேனீக்குப் போய்விட்டால் கணக்கு எல்லாம் பிழைத்துவிடுமாம். விரல் நுனிகள் வெடித்து வெள்ளையாக இருக்கும். எண்ணெய் பூசமாட்டார், வாசனைச் சவர்க்காரம் போடமாட்டார். தேனீ பிடிக்கிற நாட்களில் எங்களோடு பந்தியில் இருந்தாலும் கரண்டியால்தான் சாப்பிடுவார். அவர் வந்த வருடப் பெருநாளுக்கு என் மகள் கடையில் மருதோன்றிக் கோன் வாங்கிவந்து எல்லார் கைக்கும் போட்டாள். மிஸ்ஸிடம் போய், "கையைத் தாங்கோ" என்றாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இல்லையம்மா. என்ர கை என்னுடையதில்லை இப்ப."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ மனம் சுருக்கென்றது. பெருநாள் நாளில் நீட்டிய கையைத் தட்டுகிறாரே என்று அன்று முழுவதும் அவருக்கு வட்டிலப்பம் வைக்கும்போதுகூட முகத்தைப் பார்க்கவில்லை.

கோபமும் வரும் அவருக்கு. அவர் தேனீக்களைப் போட்டுவைக்கும் குழாய்கள் எங்கள் பிரிட்ஜின் மேல்தட்டில்தான் இருந்தன. ஒருநாள் என் கணவர் கடலில் இருந்து பாரை மீன் நிறையக் கொண்டுவந்து, இடம் காணாமல் குழாய்ப் பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டார். மிஸ் வந்து பார்த்தார். கத்தவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாயந்தரம்வரை திறக்கவில்லை. என் கணவர் கதவடியில் நின்று, "பிழைதான் தங்கச்சி, வெளிய வாங்க" என்று கெஞ்சியது இன்றைக்கும் எங்கள் வீட்டில் பகிடி. வெளியே வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பாரை என்ன சாப்பிட்டு வளர்ந்தது நானா?" அதோடு சமாதானம்.

அவருடைய ஊர் எது என்று கேட்டால் நேராகச் சொல்லமாட்டார். தாயும் தகப்பனும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து கூலிவேலை செய்தவர்கள். பள்ளிக்கூடத்தில் அவரைத் தோட்டத்தாள் என்றார்களாம். தோட்டத்துக்குச் சொந்தம் பார்க்கப் போனால் வன்னிக்காரி என்றார்களாம். "இப்ப எந்த ஊர்ச் சோறு சாப்பிடுறனோ அதுதான் என்ர ஊர்" என்பார். அந்தப் பதில் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது சண்டையால் எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் இந்தக் கரையை விட்டுப் போகவேண்டி வந்தது. புத்தளத்தில் முகாமில் வளர்ந்தேன். அங்கேயே கலியாணம் முடித்தேன். உம்மாவை அங்கேயே அடக்கினோம். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது ஊர் இருந்த இடத்தில் முள்ளும் பற்றையும்தான் நின்றன. உம்மாவின் வீட்டு வாசல்படி ஒன்று மண்ணுக்குள் தெரிந்ததை வைத்துத்தான் எங்கள் வளவு இதுதான் என்று பிடித்தோம்.

வந்தவர்கள் எல்லாரும் முதலில் கையில் எடுத்தது கத்தி. எங்களுக்கு அப்போது மரம் என்றாலே கோபம். இத்தனை வருடம் ஆள் இல்லாமல் காடு மண்டிக் கிடந்த இடத்தை "இது காடு, உங்கள் வளவு இல்லை" என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்ற பயம் ஊர் முழுக்க இருந்தது. பற்றை நின்றால் அதுவே நமக்கு எதிரான சாட்சி என்று நினைத்தோம். நிழல் தந்த வேம்பைக்கூட வெட்டியவர்கள் உண்டு. மொட்டையாகக் கிடந்தால்தான் அது வளவு. எங்கள் வீட்டின் பின்பக்கம் மட்டும் மிஞ்சியது. சூரை முள்ளும் காரையும் உடைமரமும் பின்னிக் கிடந்த இடம். முதலில் மிதிவெடிப் பயம், பிறகு பாம்புப் பயம், பிறகு வசதி இல்லாமை. அப்படியே விட்டிருந்தோம்.

மிஸ் வந்து பார்த்துச் சந்தோசப்பட்ட ஒரே இடம் அதுதான். ஊருக்குள் காட்டுத் துண்டு ஒன்று கிடைத்ததே என்று ஓரத்தில் நின்று வலை வீசுவார்.

அந்தப் பின்பக்கத்தில்தான் மகளுக்கு வீடு கட்ட நினைத்திருந்தோம். எங்கள் வழக்கத்தில் மகளுக்கு ஒரு வீடு கொடுத்துத்தான் கலியாணம். முன்பக்கத்தில் சமைக்கிற குசினிக்கே இடம் போதாது. அப்படி இருக்கும்போதுதான், எல்லை பார்க்க அதிகாரி வரப்போகிறார் என்றும், பற்றை நிற்கிற இடம் எல்லாம் காடு என்றுதான் குறிக்கப்போகிறார் என்றும் கதை வந்தது. என் கணவர் மனதில் ஒரே எண்ணம்தான் ஓடியது. அதிகாரி வருவதற்கு முன் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிட வேண்டும். மண் தள்ளுகிற பெக்கோ இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கிழமைதான் மிஸ் பல்கலைக்கழகம் போய்த் திரும்பியிருந்தார். முகம் சரியில்லை.

"ராத்தா, நான் குழாயை மாத்திப் போட்டிட்டன் போல."

"ஏன், என்ன நடந்தது?"

"உங்கட பின்பக்கப் பற்றைத் தேனீன்ர வயிறு மடுக் காட்டு வயிறு மாதிரியல்லோ இருக்கவேணும்? இது கீரியில வீட்டுத் தோட்டத்துத் தேனீன்ர வயிறு மாதிரி இருக்கு. அது பிழையாத்தான் இருக்கும். காட்டுக்குள்ள இருக்கிறது வீட்டுச் சாப்பாடு சாப்பிடாதே."

அவர் தன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டார். திரும்பவும் ஓரத்தில் நின்று சில தேனீக்களைப் பிடித்தார். நுண்ணுயிரைப் பார்க்கத்தான் பல்கலைக்கழகம் போகவேண்டும். ஒட்டியிருக்கிற மகரந்தத்தை அவருடைய சின்ன நுணுக்குக்காட்டியில் முன்னறையிலேயே பார்க்கலாம். ஒரு பகல் முழுக்கக் கதிரையை விட்டு எழும்பவில்லை. கீரியில் எடுத்துவந்த மகரந்தம் வைத்த கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கீரியில ஒரு வீட்டில மருதோன்றி வேலி நிக்குது. அந்தத் தேனீயில இருந்த மகரந்தம்தான் இதிலையும் இருக்கு. உங்கட வளவில மருதோன்றி நிக்குதோ?"

"இல்லையே மிஸ். நாங்க கடையில கோன்தானே வாங்கினோம்."

"பக்கத்து வளவுகளில?"

"எல்லாத்தையும்தான் வெட்டிட்டாங்களே."

"இந்தச் சின்னத் தேனீ தூரம் போகாது" என்றார். பிறகு பின்பக்கம் திரும்பி, பற்றையைப் பார்த்து, எங்களிடம் கேட்பது போலவே கேட்டார். "என்ன சாப்பிட்டனீங்கள்?"

அடுத்த நாள் காலையே பெக்கோ வந்துவிட்டது. மிஸ் என் கணவரின் முன்னால் போய் நின்றார்.

"நானா, கொஞ்சம் பொறுங்கோ. உள்ளுக்குள்ள என்னவோ இருக்கு."

"என்ன தங்கச்சி இருக்கப் போவுது? பாம்பு இருக்கும்."

"தேனீ வீட்டு மரத்தில சாப்பிட்டிருக்கு."

என் கணவருக்கு மூக்கு சிவந்தது. "தேனீட வயித்தைப் பார்த்துக்கிட்டு நான் என்ட மகள்ட வீட்டை விடட்டா? அவங்க வந்து காடெண்டு கோடு போட்டா நீங்களா வந்து அழிப்பீங்க?"

மிஸ், "எனக்குத் தெரியாது நானா. நான் பிழையாவும் இருக்கலாம்" என்றார். பிழையாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வழியை விடாமல் நின்ற ஆளை நான் அன்றுதான் கண்டேன். என்ன தைரியம் வந்ததோ, நான் பெக்கோக்காரரைப் பார்த்து, "தம்பி, இறங்குங்க. இடியப்பம் சூடா இருக்கு, சாப்பிட்டுட்டு வேலையைத் தொடங்கலாம்" என்றேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எங்கள் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். அவர் இறங்கி உட்கார்ந்தார். என் கணவர் பல்லைக் கடித்தார். நானும் மிஸ்ஸும் கத்தியை எடுத்துக்கொண்டு பற்றைக்குள் புகுந்தோம்.

முள் சேலையைக் கிழித்தது. மிஸ் அடிக்கடி நின்று, தேனீக்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று அண்ணாந்து பார்ப்பார். பிறகு அந்தப் பக்கம் வெட்டுவோம். கொஞ்சத் தூரம் போனதும் அவர் பார்க்கத் தேவையில்லாமல் போனது. எனக்கு வாசம் வந்துவிட்டது.

மழைக்குப் பிறகு வருகிற மருதோன்றிப் பூ வாசம். கிணற்றடியில் உம்மா என் தலையில் தண்ணீர் ஊற்றும்போது வருகிற வாசம். நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, முள் வைத்து, வரிசையாக மருதோன்றி நின்றது. காட்டில் எதுவும் வரிசையாக முளைப்பதில்லை. வரிசையின் அந்தப் பக்கம் சூரைக் கொடி மூடிய ஒரு வட்டம். கல் கட்டு. எங்கள் கிணறு. அது தூர்ந்துபோய்விட்டது என்றும், முன்பக்கம் எங்கோ இருந்தது என்றும் பெரியவர்கள் சொல்லி நான் நம்பியிருந்தேன். பக்கத்தில் உம்மா துணி துவைத்த கல்லும் சரிந்தபடி அங்கேயே கிடந்தது.

நான் அந்தக் கல்லில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். மிஸ் என்னைத் தேற்றவில்லை. பூக்களில் மொய்த்த கறுத்த சின்னத் தேனீக்களைப் பார்த்துக்கொண்டு, "குழாயை மாத்திப் போடேல்லை, குழாயை மாத்திப் போடேல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

எங்களைத் தேடித் திட்டிக்கொண்டு வந்த என் கணவர் கிணற்றைக் கண்டதும் கிட்டே வந்தார். கிணற்றுக் கட்டைக் கையால் தடவிப் பார்த்தார். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் பெக்கோ இதைத்தான் மண்ணால் மூடி மட்டமாக்கியிருக்கும். மருதோன்றியை வேரோடு பிடுங்கியிருக்கும். எங்கள் சாட்சியை எங்கள் கையாலேயே அழித்துவிட்டு, மொட்டை நிலத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருப்போம். பெக்கோக்காரரை அவர் அப்படியே திருப்பி அனுப்பினார்.

அதிகாரி வந்தபோது நாங்கள் வெட்டிய ஒற்றையடிப் பாதையால் கூட்டிப்போனோம். நல்ல மனுசன். கிணற்றை எட்டிப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "இது வீட்டுக் கிணறுதான். இங்க குடியிருந்திருக்கிறீங்கள்" என்றார். எல்லைக் கட்டை கிணற்றுக்கும் அப்பால் போனது.

"இவ்வளவு முள்ளுக்குள்ள எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்று அவர் கேட்டதற்கு என் கணவர் பெருமையாக, "தேனீ சொன்னது சேர்" என்றார்.

மிஸ் விடவில்லை. "சொல்லேல்லை நானா. சாப்பிட்டது."

எத்தனையோ பேர் எங்களுக்கு உதவி செய்திருக்கிறார்கள். தகரம் தந்தார்கள், அரிசி தந்தார்கள், எல்லாருக்கும் அல்லாஹ் நல்லது செய்யட்டும். மிஸ் எங்களுக்கு உதவி செய்ய வந்தவரே இல்லை. தேனீயின் வயிற்றைப் பார்க்க வந்தவர். தன் கேள்விக்குச் சரியான பதில் வேண்டும் என்று அடம்பிடித்தார், அவ்வளவுதான். அந்த அடத்தால் என் உம்மாவின் கிணறு எனக்குத் திரும்பக் கிடைத்தது. தொழுதுவிட்டுத் துஆக் கேட்கும்போது அவரை நான் விட்டதே இல்லை. அவர் மாதாவைக் கும்பிடுகிறவர். இரண்டு பக்கமும் கேட்டால் குறைந்தா போய்விடும்?

இப்போது அவர் வெளிநாட்டில் ஏதோ ஒரு குளிர்ந்த ஊரில் இருக்கிறார். அங்கேயும் தேனீதான். மகளின் வீடு கூரை வரை வந்துவிட்டது. மருதோன்றி வரிசையையும் அதை ஒட்டிய பற்றையையும் விட்டுத்தான் அத்திவாரம் வெட்டினோம். காய்ந்த தடிகளைக்கூட ஓரமாகக் குவித்து வைத்திருக்கிறோம். என் கணவரே காவல். ஆடு பாய்ந்தால் கல்லெடுத்து எறிகிறார்.

மிஸ் எங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளுக்கு முதல்நாள் மத்தியானம் நான் குசினியில் மீன் ஆணம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மிஸ் உள்ளே வந்து நிலத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார்.

"தேனீ?" என்றேன்.

"முடிஞ்சுது ராத்தா. இனிக் கை என்ர கைதான்."

நான் அடுப்பைத் தணித்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். இலை உருவி வந்து, அம்மியில் பட்டாக அரைத்தேன். வெடித்துக் கிடந்த அந்த விரல் நுனிகளுக்கு ஒவ்வொன்றாகத் தொப்பி போட்டேன். உள்ளங்கையில் உம்மா எனக்கு வைப்பது போல வட்டமாக ஒரு பொட்டு. இத்தனை மாதம் தொடவிடாத கை. பிள்ளையின் கை போல என் மடியில் கிடந்தது.

இலை காயும்வரை கையை அசைக்கக் கூடாது. அவருக்கோ பசி. நான் சோற்றைப் பிசைந்து ஆணத்தில் தோய்த்து, மீன் முள் எடுத்து, ஊட்டிவிட்டேன். கரண்டி இல்லாமல், என் கையால். முதல் வாய் வாங்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். ஏதோ சொல்லப்போகிறார், நன்றி என்று சொன்னால் நான் உடைந்துபோவேன் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அவர் மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இது எந்தப் பக்கத்துக் கடல் மீன் ராத்தா?"